சகோதரர் ராய்ஸின் சாட்சி

எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வெர்னா மட்டும் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சர்ச்சுக்குள் பெஞ்சை விட்டு எழவில்லை.

சர்ச்சுக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்தில், எண்ணெய் பீப்பாயில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிய பாட்டு ரெக்கார்டுகளை அதில் போட்டார்கள். பேய்ப்படக் கேசட்டுகளைப் போட்டார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக அந்தப் பகடை விளையாட்டுப் புத்தகங்கள்.

ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, மந்திரவாதி, வீரன் என்று கதை கட்டும் விளையாட்டு. அதைப் பிசாசின் பள்ளிக்கூடம் என்று சொல்லியிருந்தார் சகோதரர் ராய்ஸ். ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொல்கிறவர். தானே அதை ஆடித்தான் சாத்தானுக்கு அடிமையானாராம், ரத்தம் குடித்தாராம். வாய்திறந்து மனந்திரும்பாமல் செத்தால் நரகம்தான் என்று முடித்தபோது கூடத்தில் பாதிப்பேர் அழுதார்கள்.

"மகனையே வாரிக் கொடுத்தும் புத்தி வரல பாரு," என்றாள் வரிசையில் நின்ற லவோன். "பிசாச மடியில வெச்சு தாலாட்டிக்கிட்டு இருக்கா."

பெட்டியில் இருந்தவை டாரனுடைய பகடை விளையாட்டுப் புத்தகங்கள். போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்த ஒரே மகன்.

ராய்ஸ் கையில் மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி வந்தார். "விட்டுடுங்க சகோதரி. அது உங்க மகன் இல்ல, வெறும் காகிதம்."

"எரிச்சுடுறேன் பிரதர். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. நீங்க அதுக்குள்ள இருந்து மீண்டு வந்தவர், உங்களுக்குத்தான் தெரியும்."

"கேளுங்க."

"பாலத்து மேல பனியில வண்டி சறுக்கிடுச்சு. ஒரு நொடிதான் இருந்திருக்கும். அந்த நொடியில எம்புள்ள மனந்திரும்பியிருப்பானா, இல்ல அம்மான்னு கத்தியிருப்பானா? அவன் இப்ப எங்க இருக்கான்?"

இதுவரை எந்த ஊரிலும் தாய்மார்கள் உயிரோடிருக்கிற பிள்ளைகளைப் பற்றித்தான் ராய்ஸிடம் கேட்டிருக்கிறார்கள்.

மெதுவாக அவள் எதிரே முழங்கால் போட்டார்.

"நான் அத விளையாடினதே இல்லம்மா. புத்தகத்தப் புரட்டிக்கூட பார்த்ததில்ல. சாத்தான், ரத்தம், எல்லாம் நானா கட்டினது. ரொட்டி வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தவன் நான். உங்க பையன் விளையாடினது வெறும் விளையாட்டு. அவனுக்கு ஒரு குறையும் வராது."

வெர்னா பெட்டியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வெளியே ஒலிபெருக்கியில் கேட்ட வரிசை அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எந்த சர்ச்சும் ராய்ஸைக் கூப்பிடவில்லை. எங்கோ மறுபடியும் வண்டி ஓட்டுவதாகக் கேள்வி. கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்து திருடன் வசமாக மாட்டிக்கொண்டான் என்று லவோன் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அணைந்து கிடந்த மைக்கின் சுவிட்சைக் கட்டைவிரலால் தள்ளி ஆன் செய்துவிட்டுத்தான் அவர் பேச ஆரம்பித்தார் என்பது வெர்னாவுக்கு மட்டும் தெரியும்.