பத்து நிமிஷத் தண்டனை

வீட்டில் யார் கத்தினாலும் பால்கனி நாற்காலியில் போய் உட்கார வேண்டும். சட்டம் போட்டவர் அப்பா. நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் சத்தம் ஆகாது.

அரை மணி நேரம் என்றுதான் முதலில் சொன்னார். எட்டு வயது மகள் விடாப்பிடியாகப் பேரம் பேசிப் பத்து நிமிஷத்துக்கு இறக்கினாள். பெரியவர்களுக்கும் அதே சட்டம் என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தான்தான் கத்துகிற ஆளே இல்லையே.

ஆனால் ஒரு வாரமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அம்மா மட்டும்தான்.

காரணம் மகள். மருந்துக்கடையில் காலையிலிருந்து நின்றுவிட்டு வரும் அம்மா, அடுப்படிக்குள் நுழைந்ததும் மகள் ஆரம்பித்துவிடுவாள். ஒரு நாள் மாவு டப்பாவைக் கவிழ்த்தாள். இன்னொரு நாள் துவைத்த துணிமேல் ஏறி நடந்தாள். அம்மா கத்த வேண்டியது. உடனே மகள் அடுப்பை அணைத்து, அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்து, பால்கனிக் கதவைச் சாத்த வேண்டியது.

அப்பாவுக்கு டிவியில் மனசு ஓடவில்லை. பெற்ற தாயைத் தண்டிக்க இந்த வயசிலேயே இவ்வளவு ஆசையா? சோபாவில் அப்படியும் இப்படியும் புரண்டார்.

இன்றைக்குக் கூடத்தில் தண்ணீர் ஜக் கவிழ்ந்தது. அம்மா கத்தினாள். கதவு சாத்தப்பட்டது. அப்பா மகளைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே செய்கிறாயா என்று கேட்டார். அவள் கொஞ்சமும் மழுப்பாமல் ஆமாம் என்றாள்.

"அப்ப இனிமே அந்த ரூலே கிடையாது."

மகளின் முகம் செத்துப்போனது. கார்ட்டூன் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பூங்காவும் வேண்டாம், அந்த ரூலை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று மறுபடி பேரத்தில் இறங்கினாள். பேசும்போதே கை பரபரவென்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஐந்து வயதுத் தம்பி இன்னொரு துணியோடு ஓடிவந்தான்.

"அம்மாவைக் கத்த வச்சு உட்கார வைக்கிறதுல உனக்கு அப்படி என்ன சந்தோஷம்?"

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"நாங்க சொன்னா உட்கார மாட்டேங்கறாங்கப்பா. வேலை கிடக்குதுன்னு சொல்றாங்க. ரூல்னு சொன்னாத்தான் உட்கார்றாங்க."

பிறகு சோபாவுக்கு அடியில் ஓடிய தண்ணீரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் காலைத் தூக்கிக்கோங்கப்பா. அவங்க எழுந்து வர்றதுக்குள்ள துடைச்சு முடிக்கணும்."