அசனத்து நுரை

சபை அசன விருந்து முடிந்து, மத்தியான வெயிலில் சானல் கால்வாயின் படிக்கட்டில் அண்டாக்கள் மினுங்குகின்றன. ஐந்தாறு பெண்கள் தேங்காய்நாரால் பசைச்சோப்பைத் தொட்டுத் தேய்க்க, சாம்பார் வாடையும் எலுமிச்சை வாசமும் கலந்து எழும்புகின்றன. பசை, அவர்களில் ஒருத்தியான ஜெஸ்மி தன் வீட்டில் செய்தது. டப்பாவில் அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'தேங்காயெண்ணெய்ச் சத்து. மண்ணில் மக்கும். மீனுக்கும் கேடில்லை.' போன மாதம்வரை அது உண்மை. "நொர வரல்லியே மக்கா" என்று ஆளாளுக்கு முகம் சுளித்ததில், இந்தமுறை லேசில் மக்காத மலிவு ரசாயனச் சரக்கைப் பாதிக்குப் பாதி கலந்துவிட்டாள். எழுத்தை மட்டும் மாற்றவில்லை. இப்போது நுரை படியிலிருந்து இறங்கி, வெள்ளைத் துணி விரித்ததுபோல், குமிழ் உடையாமல் ஆகாயத்தாமரைவரை போய்க்கொண்டிருக்கிறது. இருபதடி தள்ளி, கோலப்பன் தன் பசுவின் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறார்.

"அக்கா, மாடு குடிச்சா ஒண்ணும் செய்யாதே?"

முழங்கைவரை நுரையோடு ஜெயபாய் நிமிர்கிறாள். "தாராளமா குடிக்கட்டு தம்பி. நம்ம ஜெஸ்மி செஞ்சதாக்கும். டப்பால எழுதியே போட்டிருக்கா."

கயிறு தளர்கிறது. ஜெஸ்மி உடுத்த சேலையோடு தண்ணீரில் இறங்கி, பசுவுக்கு முன்னால் போய் நின்று, நுரையை இரண்டு கையாலும் அடித்து விரட்டுகிறாள். அடிக்க அடிக்க அது பொங்குகிறது. படியில் பெண்கள் சிரிக்கிறார்கள்.

"பாத்தியளா, என்னா நொர!" என்கிறாள் ஜெயபாய், பெருமையோடு.