மே ஆறா, ஜூன் ஐந்தா?

கண் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவள், எல்லாருக்கும் ஆபரேட்டரம்மா. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஆபரேஷன் தேதிகளைப் புது ஷீட்டுக்கு மாற்றி, நோயாளிகளுக்கு மெசேஜும் அனுப்ப அவளே மேக்ரோ என்னும் குட்டி புரோகிராம் ஒன்றை எழுதி, காலையில் ஓட்டினாள். மெசேஜ் எல்லாம் போன பிறகுதான் கவனித்தாள்.

நாளைக்கு, மே ஆறாம் தேதி, ஆபரேஷன் இருப்பவர்களுக்கெல்லாம் ஜூன் ஐந்து என்று போயிருந்தது.

கையால் திருத்திப் பார்த்தாள். என்டர் தட்டியதும் நாளும் மாதமும் மறுபடி இடம் மாறிக்கொண்டன. பன்னிரண்டாம் தேதிக்கு மேற்பட்டவை மட்டும் சமத்தாக இருந்தன.

இதற்கு நடுவில் வரவேற்பு மேசை அக்கா போனை வைத்தபாடில்லை. சிரிப்பு வேறு. வந்து ஒரு கை கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டதற்கு, இரு என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினாள் அக்கா. இங்கே தலை போகிறது, அவளுக்கு அரட்டை கேட்கிறதா என்று ஆபரேட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் பிடிபட்டது. மேக்ரோ தேதியைத் தேதியாக எழுதாமல் வெறும் எழுத்தாக எழுதியிருக்கிறது. ஷீட் 06/05 என்பதில் மாதத்தை முதலில் படித்திருக்கிறது. பதின்மூன்றாவது மாதம் ஏது? அதனால்தான் அவை மட்டும் தப்பின. ஒரே வரிதான், மாற்றினாள். மே ஆறு, மே ஆறாகவே நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

ஆனால் நாளைக்கு வரவேண்டியவர்கள்? விறுவிறுவென்று வரவேற்புக்குப் போனாள்.

"அக்கா, பேசினது போதும், போனை வைங்க. அவசரமா நிறைய பேரைக் கூப்பிடணும்."

அக்கா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆமாங்கய்யா, நாளைக்கேதான். அந்த மெசேஜை விட்டுடுங்க. நான்தான் தேதியை மாத்திப் போட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"காலையில ஒருத்தர் சந்தேகம் கேட்டுப் பேசினப்பவே புரிஞ்சுபோச்சு. பழைய ஷீட்டைப் பார்த்து, நாளைக்கு வர்றவங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. இவர்தான் கடைசி."

"தப்பு என்னோடதுக்கா. நீங்க ஏன்..."

"நீ புதுசு, இன்னும் நிரந்தரமாகலை. என்னைத் திட்டி மேல இருக்கிறவங்களுக்குப் பழக்கம்."