அன்னக்கொடி அழவில்லை

"அழு அன்னக்கொடி, அழு! கடைசி ரீல் ஓடுது!"

பெண்கள் பக்கத்துக் கதவோரம் குனிந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினார் தியேட்டர் மேனேஜர் சந்தானம்.

தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரையில் ஒரு சிறுமி செத்துக் கிடந்தாள். வெறும் பாறையை அரண்மனை என்று சொல்லி, அவளோடு ராணி விளையாட்டு விளையாடிய தோழி, மேலே விழுந்து கதறினாள். தியேட்டரில் மூக்கு உறிஞ்சும் சத்தம்கூட இல்லை. ஆண்கள் பக்கம் எவனோ சத்தமாகக் கொட்டாவி விட்டான்.

வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, படித்தவர்களை உருக்கிய கதை. படமாகி உசிலம்பட்டிக்கு வந்தபோது முதல் மூன்று நாள் சந்தானம் ஈ ஓட்டினார். நாலாம் நாள்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சாவு வீடுகளில் கூலிக்கு ஒப்பாரி வைக்கும் அன்னக்கொடியைப் பிடித்தார்.

"அந்தப் புள்ள சாகவும் நீ எடுத்துக் குடுத்தாப் போதும். மிச்சத்தை ஊரு பாத்துக்கும்."

பார்த்துக்கொண்டது. ஒப்பாரி கேட்டால் சும்மா இருக்க வருமா இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு? அவள் முதல் அடியை இழுத்ததுதான் தாமதம், தரை டிக்கெட் மொத்தமும் மாரில் அடித்துக்கொண்டது. இன்று அழுதவள் நாளை நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சுற்றுப்பட்டிக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

'குழந்தைகளோடு காண வேண்டிய குடும்பச் சித்திரம்' என்று போஸ்டரில் துண்டுக் காகிதம் ஒட்டினார் சந்தானம். தன் மகள் வசுந்தராவை மட்டும் படம் பார்க்க விடவில்லை.

"எல்லாப் புள்ளைகளும் பாக்குதுப்பா."

"நீ பாக்க வேணாம்."

"அப்ப செல்லத்தாய் வரட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து பாக்குறோம்."

செல்லத்தாய் அவளோடு மூன்றாம் வகுப்பில் படிப்பவள். ஆபரேட்டர் வெட்டிப் போடும் பிலிம் துண்டுகளை வெயிலில் தூக்கிப் பிடித்து, இரண்டு பேரும் தாங்களே கதை கட்டிப் படம் ஓட்டுவார்கள். கோடை லீவு விட்டதும் செல்லத்தாய் அம்மாச்சி ஊருக்குப் போனாள்.

"அவளுக்குன்னு நாலு புதுப் பிலிம் எடுத்து வச்சிருக்கேன். எப்பப்பா வருவா?"

"வருவா, வருவா. போ, வேலை கெடக்கு."

நிஜமாகவே வேலை தலைக்கு மேல் இருந்தது. இன்றைய மேட்னிக்கு மதுரையிலிருந்து விநியோகஸ்தரின் ஆள் வந்திருந்தார். கூட்டம் அழுதால் படப்பெட்டி இன்னும் இரண்டு வாரம் இங்கே இருக்கும். இல்லாவிட்டால் நாளைக் காலை பஸ்ஸில் தேனிக்குப் போய்விடும். பெட்டி போனால் நீயும் போக வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். காலையிலிருந்து சந்தானத்துக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

விளக்குப் போட்டார்கள். மதுரைக்காரர் எழுந்து சட்டையை உதறிக்கொண்டார்.

"ஊரே அழுகுதுன்னீங்களேண்ணே! ஒரு கண்ணுலயும் தண்ணியக் காணோம். காலையில பொட்டிய அனுப்பி விட்ருங்க."

சந்தானத்துக்குக் கோபம் வராதா பின்னே? கூட்டம் கலையும்வரை பொறுத்திருந்து, பெண்கள் பக்கம் பாய்ந்தார்.

"ஏம்மா, மனசாட்சி இருக்கா உனக்கு? இம்புட்டு நாளா கூலி வாங்கித் தின்னுட்டு, இன்னிக்குன்னு பாத்துக் கழுத்தறுத்துட்டியே! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மெதுவாப் பேசுங்கய்யா."

"நான் ஏன் மெதுவாப் பேசணும்? என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு..."

தூணைச் சுற்றிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அன்னக்கொடியின் மடியில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள் வசுந்தரா. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"மதுரைக்காரருக்கு நீங்க கலரு சோடா ஒடச்சுக் குடுக்கையில உள்ள வந்துருச்சு. படத்துல அந்தப் புள்ள சாகவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அக்கா, செல்லத்தாயும் இப்டித்தானா? அதான் வரலையா?'ன்னு கேட்டுச்சு."

சந்தானம் மகளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"காய்ச்சல்ல போன அந்தப் புள்ளைக்கு, அவ அம்மாச்சி ஊர்ல போய் ஒப்பாரி வச்சதே நாந்தான்யா. என்னைக் கேட்டா, நான் எப்டி இல்லேங்கிறது?"

"சின்னப் புள்ள... தாங்காதேன்னுதான்ம்மா சொல்லல..."

"இம்புட்டு நாளாச் சேந்த அழுகைய்யா, இப்பத்தான் வெளிய வருது." அன்னக்கொடி குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"நெசமா அழுகுற புள்ளைய மடியில போட்டுக்கிட்டு, கூலிக்கு எப்டிய்யா அழுகுறது?"