இருபத்திரண்டு சைபர்

"என்னடா இது, எல்லா ஞாயித்துக்கிழமையும் சைபர்?"

ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கிய காலண்டரைப் புரட்டிக்கொண்டே அக்கா கேட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை போட்டதை அவளே கண்ணால் பார்த்திருந்தாள். அதற்கு முந்தைய மாதங்களிலும் ஒரு ஞாயிறு விடாமல் முட்டை முட்டையாக இருந்தது. எண்ணிப் பார்த்தாள். இருபத்திரண்டு.

"மார்க்குக்கா. பத்துக்கு எவ்வளவுன்னு அவ போடுவா," என்றான் தம்பி, நறுக்கும் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவிக்கு ஒரு தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை. அவள் ஒரு மடக்கு உறிஞ்சி, துப்பி, சரி என்று தலையசைத்தால்தான் தூள் பாக்கெட்டுக்குப் போகும். வாரத்தில் ஆறு நாள் இருவருக்கும் ஓட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு புதுச் சமையல், அதுவும் இந்த வீட்டில் இதுவரை செய்யாததாக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். செய்வது அவன், மார்க் போடுவது அவள்.

தன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதால் பத்து நாள் இங்கே வந்து தங்கியிருந்த அக்காவுக்குத் தம்பியைப் பார்க்கப் பார்க்க மலைப்பாக இருந்தது. சுடுதண்ணீர் வைக்கச் சொன்னால் பாத்திரத்தைக் கருக்கி வைக்கிற பிள்ளை அவன். இப்போது அவன் கத்தியில் வெங்காயம் காகிதம்போல விழுந்தது. அலமாரியில் மசாலாப் புட்டிகள் நாற்பதுக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும், லிஃப்ட் உதிரி பாகத்துக்கு ஒட்டுகிற மாதிரி, பெயரும் தேதியும் எழுதிய சீட்டு.

போன வாரம் எலுமிச்சையும் பூண்டும் தடவிச் சுட்ட மீன். அக்கா முதல் வாயிலேயே சொக்கிப்போனாள். எதிரே உட்கார்ந்திருந்தவளோ கண்ணை மூடி, நாக்கில் புரட்டி, ஒரு நிமிஷம் காத்திருந்து, "சைபர்" என்றாள். பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். தம்பி முகம் கோணவில்லை. அவள் தோளைத் தட்டி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். ஒரு மனுஷனுக்கு இவ்வளவு பொறுமையா என்று அக்கா வியந்தாள்.

ஆனால் எதற்கும் ஒரு அளவு இருக்கிறதே. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவள், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைபோல வெளுத்துப்போய் வருவாள். அடுப்படிப் பக்கமே போவதில்லை. செவ்வாய்க்கிழமை பால் பொங்கி வழிந்து, அடியில் தீய்ந்து வீடே நாறியது. இரண்டடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மகாராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காதான் வாசலிலிருந்து ஓடிவந்து அணைத்தாள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இன்றைக்குக் காளானும் சோளமும். பால் ஊற்றி, சிறு தீயில், கையெடுக்காமல் கிளற வேண்டியது. தம்பி கிளற ஆரம்பித்ததும் அக்காவும் ஆரம்பித்தாள். ஆறு நாள் கிரீசிலும் எண்ணெயிலும் உழைத்துவிட்டு ஏழாவது நாளும் இங்கே வந்து வேகிறாயே, உனக்கு ரோஷமே கிடையாதா என்று கேட்டாள். அம்மா இருந்திருந்தால் இதைப் பார்த்துக்கொண்டு இருப்பாளா என்றாள். தம்பி சிரித்து மழுப்பினான்.

"அவ நாக்கு தொழில் நாக்குக்கா. சும்மா மார்க் போடாது."

"பொல்லாத நாக்கு. இன்னிக்கும் சைபர் போடட்டும், நானே கேட்டுடுறேன். நீ பேசாம என்கூடக் கிளம்பி வந்துடு."

தம்பி கரண்டியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். அவன் பிறந்ததிலிருந்து அக்கா பார்த்திராத முகம் அது.

"கேட்டுடாதக்கா, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். அந்த சைபரைப் போடுறதுக்கே அவளுக்கு எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா?"

அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சைபர் போட எதற்குத் தைரியம் என்று கேட்க அவள் வாயெடுத்தாள். அதற்குள் உள்ளறையிலிருந்து குரல் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவிதான்.

"என்னங்க... அடி பிடிக்குது."

அக்காவின் மூக்குக்கே அப்போதுதான் எட்டியது. தம்பி அடுப்பை அணைக்கவில்லை. கல்லாய்ச் சமைந்து நின்றான். அக்கா பாய்ந்து அணைத்துக் கிளறிப் பார்த்தாள். அடி முழுக்கக் கருப்பு. பேசிப் பேசி நானே கெடுத்துவிட்டேனே, இருபத்துமூன்றாவது சைபரை நானே வாங்கிக் கொடுத்துவிட்டேனே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

உள்ளறையிலிருந்து வந்தவள் யாரையும் பார்க்காமல் நேரே பாத்திரத்தின் மேல் குனிந்தாள். ஆழமாக மூச்சை இழுத்தாள். நம்பாதவள்போல இன்னொரு தடவை இழுத்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் காலண்டருக்குப் போய், இன்றைய கட்டத்தில் பத்து என்று அழுத்தி எழுதினாள். பென்சில் முனை ஒடிந்து விழுந்தது.

"கரியாப் போனதுக்கா பத்து?" என்றாள் அக்கா.

தம்பி ஒடிந்த பென்சில் முனையைக் குனிந்து எடுத்தான்.

"அஞ்சு மாசம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்து இவளுக்கு வாசனை, ருசி ரெண்டும் போயிடுச்சுக்கா. புதுசு புதுசா ஏதாவது குடுத்துப் பாருங்கன்னு டாக்டர் சொன்னார். தெரிஞ்சா வேலை போயிடும்னு உன்கிட்டகூட சொல்லாம, தேயிலையோட நிறத்தைப் பார்த்தே ஒப்பேத்திட்டு இருந்தா. அந்த மார்க்கெல்லாம் என் சமையலுக்கு இல்லக்கா, அவ மூக்குக்கு."