மருதந்துறைக்கு ஒரு பலகை

“‘அந்தக் காலத்தில்’ எண்டு ஆர் உங்கள எழுதச் சொன்னது, சேர்?”

வழிகாட்டிக்கொண்டு முன்னால் போன ஹுஸ்னியா திரும்பாமலே கேட்டாள்.

இராகுலன் புதிய பெயர்ப்பலகையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி பின்னால் வந்துகொண்டிருந்தார். ஊர்ப் பெயர்களுக்குப் பொருள் எழுதிப் பலகை நடுவது அவருடைய வேலை. காலையில்தான் திருகோணமலையிலிருந்து வந்திருந்தார். மூன்று மணிக்கு முன் பலகையை ஊருக்குள் நட்டுவிட வேண்டும்.

பலகையில் இருந்தது இவ்வளவுதான்: ‘மருதந்துறை. அந்தக் காலத்தில் மக்கள் ஆற்றை நடந்து கடந்த இடம்.’

“பொருள் சரிதானே, தங்கச்சி? ஆழமில்லாத இடத்தில சனம் இறங்கிக் கடந்தால் அது துறை. கப்பல் வாறதுக்கு முந்தியே அந்தச் சொல் இருந்திருக்கும். துறைமுகமே அதில இருந்து வந்ததுதான்.”

“சொல்லு சரி. காலம்தான் பிழை. என்ட மகள் றிஷானா என்ட தோளில ஆத்தக் கடந்து பள்ளிக்கூடம் போறது எந்தக் காலத்தில?”

இராகுலன் பலகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

“பாலம் கேட்டு மூணு தரம் மனுக் குடுத்தம். ‘இப்ப அதால ஒருத்தரும் கடக்கிறதில்ல’ எண்டு திருப்பி அனுப்பினாங்க. இனி உங்கட பலகையப் படமெடுத்து பைலுக்குள்ள வெச்சா முடிஞ்சுது கதை. சுத்திப் போனா பதினாறு கிலோமீற்றர். ஏழு வயசுப் பிள்ளை நடக்குமா சேர்?”

“பழமை தெரியட்டும் எண்டு எழுதினது. வெளிநாட்டுக்காரர் வந்து பாத்தால் விரும்புவினம்.”

“எங்கட பிள்ளைகள் பழமையா?”

அவள் கையிலிருந்த கம்பை ஊன்றி நின்றுவிட்டாள். இராகுலனும் நிற்க வேண்டியதாயிற்று.

“பெயின்ட் காய்ஞ்சிட்டுது. இனி மாத்த ஏலாது. நடங்கோ, தங்கச்சி.”

“நீங்க முன்னால போங்க.”

“எந்தப் பக்கத்தால?”

“எனக்கென்ன தெரியும்? சனம் நடந்தது அந்தக் காலத்திலதானே!”

இராகுலன் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.

“சரி, சரி! அதை அழிச்சுப்போட்டு ‘இன்றும்’ எண்டு எழுதுறன்!” என்று கத்தினார்.

கழுத்தில் சப்பாத்துகள் தொங்க, தலைக்கு மேல் பலகையோடு, இடுப்பளவுத் தண்ணீரில் அவர் நடு ஆற்றில் நின்றார். மண் அள்ளித் தோண்டிய ஆழமான கிடங்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஹுஸ்னியாவுக்கு மட்டும்தான் தெரியும்.