கடையின் பெயரில் இன்னொன்று

காபிக்கடை அக்கா பிளக்கைப் பிடுங்கினாள். கடையின் வைஃபை பெட்டியில் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது.

நெட் கம்பெனியிலிருந்து வந்திருந்த இளைஞர் தன் கைபேசியை அவள் பக்கம் திருப்பினார். அதில் கடையின் பெயர் இன்னும் தெரிந்தது. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"உங்க பெட்டிய அணைச்சாச்சு. ஆனா கடை பேரு இன்னும் வருது பாருங்க. யாரோ இதே பேர்ல இன்னொண்ணு வச்சிருக்காங்க, அக்கா. உங்களோடதுன்னு நம்பி அதுல நுழையறவங்க தட்டுற பாஸ்வேர்டெல்லாம் அவன் கைக்குப் போயிடும்."

அவள் பிளக்கின் வயரைச் சுருட்டி வைத்தாள்.

நாற்காலிகள் மேசைகளின்மேல் கவிழ்ந்து கிடந்தன. 'வெள்ளையடிக்கிறோம், சில நாள் விடுமுறை' என்று வாசலில் ஓர் அட்டை தொங்கியது. உள்ளே வாளியும் இல்லை, ஏணியும் இல்லை. வந்தவர் அதைக் கவனித்தார். கேட்கவில்லை. பெயர் கெட்டுப்போன கடைக்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டும்தானே என்று நினைத்துக்கொண்டார்.

பெயர் கெட்டுத்தான் போயிருந்தது.

அந்தத் தெருவின் சின்னக் கடைக்காரர்கள் காலையில் அங்கேதான் கூடுவார்கள். ஒரே காபியை ஆறவிட்டுக் குடித்தபடி, ஓசி வைஃபையில் சரக்குக்குச் சொல்வார்கள். வங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள். நோட்டுப்புத்தகக் கடைக்காரர், செருப்புக்கடைக்காரர், தையல்கடை அம்மா என்று ஒருவர் பின் ஒருவராக அவர்களுடைய கணக்குகள் துடைத்துவைத்ததுபோல் காலியாகின.

செருப்புக்கடைக்காரர் நடுத்தெருவில் நின்று கத்தினார். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள்.

தையல்கடை அம்மா கத்தவில்லை. புது மெஷினுக்கென்று வருஷக்கணக்காகச் சேர்த்தது போன மறுநாளும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். "ஊர் ஆயிரம் சொல்லும். உன்மேல எனக்குச் சந்தேகமே இல்லடி" என்று சொல்லிவிட்டு, காபிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அக்காவின் தூக்கம் அன்றோடு போயிற்று.

இளைஞர் கைபேசியை நீட்டிப் பிடித்தபடி நடக்க ஆரம்பித்தார். அந்த இன்னொரு பெட்டிக்குக் கிட்டே போகப் போகத் திரையில் சிக்னல் கோடுகள் கூடும் என்றார். தெருப்பக்கம் போனார், கோடுகள் குறைந்தன. சமையலறைக்குள் வந்தார், ஒன்று கூடியது.

"வெளியாளா இருக்கும்னு நெனச்சேன்" என்று முணுமுணுத்தார்.

மாடிப்படியின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மேல யாரு இருக்காங்க?"

"நானும் என் தம்பியும்தான்."

அம்மா இறந்தபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், 'இவன் ஒரு நிலைக்கு வரட்டும்' என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு வயது ஏறிவிட்டது. கடைக்கு வைஃபை போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். காபி குடிக்க வருகிறவர்களிடம், "எந்தம்பி கம்ப்யூட்டர்ல புலி" என்று அவள் பெருமையடிக்காத நாளில்லை.

அவர் ஏறினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

மாடியில் இரண்டு அறைகள். அவர் அவளுடைய அறைப்பக்கம் திரும்பினார், கோடுகள் இறங்கின. எதிர்ப்பக்கம் திரும்பியதும் எல்லாக் கோடுகளும் நிறைந்துவிட்டன.

அவர் குரல் தாழ்ந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ரூமைத் திறந்து பார்க்கலாமா?"

அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. அவர் மேசையைப் பார்த்தார். அலமாரியின் மேல் கையால் துழாவினார்.

"அங்க இல்ல" என்றாள் வாசலில் நின்றபடி. "கட்டிலுக்குக் கீழ. சூட்கேஸுக்குப் பின்னால."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"அழுக்குத் துணி எடுக்கக் குனிஞ்சப்ப அந்தப் பெட்டியைப் பார்த்தேன். லேப்டாப் திறந்து கிடந்துச்சு. தையல்கடை அம்மா பேரு, நம்பரு, பாஸ்வேர்டு எல்லாம் அதுல இருந்துச்சு. அப்பவே கீழ போய்க் கடையைச் சாத்திட்டேன்."

"தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்டீங்க?"

அவள் கதவின் நிலையை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரைக்கும் போனேன். ஒருதடவை இல்ல. அங்க போனதும் நாக்கு எழலை. பெத்தவங்க இருந்திருந்தா அவங்க பார்த்திருப்பாங்க. எனக்கு அவனை என் வாயால காட்டிக்கொடுக்க முடியல. நீங்க வெளியாள். நீங்க கண்டுபிடிச்சதாவே இருக்கட்டும், தம்பி."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது.

கீழே ஷட்டர் பாதி தூக்கப்படும் சத்தம் கேட்டது.

"அக்கா! பசிக்குது!"

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிடுங்க" என்றாள் மெதுவாக. "அவங்க வர்றதுக்குள்ள அவன் சாப்பிட்டு முடிச்சிருவான்."

"வந்துட்டேன்டா" என்று குரல் கொடுத்தபடி படியிறங்கிப் போனாள்.